வேலைவாய்ப்பும் வரிச்சலுகையும்: விஸ்கொன்சின் மாநிலம் புகட்டும் பாடம்

வேலையற்றோருக்கு வேலை தரப்போவதாகக் கூறும் அரசை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. அக்கூற்றைச் சந்தேகிப்பவன் வளர்ச்சிக்குப் பகைவன் என்றும் ஏழையின் வயிற்றில் அடிப்பவன் என்றும் இகழப்படுகிறான். இதனாலேயே, தொழில்வளர்ச்சியை ஊக்குவித்தல், வேலைவாய்ப்பை உருவாக்குதல் என்னும் நோக்கங்களைப் பெயர்ப்பலகையில் தாங்கிய அரச அலுவலகங்கள் ஏனைய திணைக்களங்களுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பை அனுபவித்து வருகின்றன. பாடசாலைக்கு ஒதுக்கப்படும் பணம் சதக் கணக்கில் ஆராயப்படுகிறது. வைத்தியசாலைக்கு மருந்து வாங்குவதற்குக் கேள்விப்பத்திரம் கோரப்படுகிறது. ஆனால் ஒரு பெருங் கம்பனிக்கு விட்டுக்கொடுக்கப்படும் வரியோ பலரால் செலவென்றே கருதப்படுவதில்லை. இப்பாதுகாப்பு எவ்வளவு தவறானது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, இத்தகைய அலுவலகங்கள் மிகவும் வளர்ச்சியடைந்துள்ள ஐக்கிய அமெரிக்காவின் ஒரு மாநிலத்தை நோக்குதல் பொருத்தமானது.

அமெரிக்க மாநிலங்கள் கம்பனிகளைச் சலுகை காட்டி அழைக்கும் வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1936 ஆம் ஆண்டிலே மிசிசிப்பி மாநில ஆளுநர் ஹியூ வைற், விவசாயத்தைக் கைத்தொழிலாற் சமப்படுத்துதல் என்னும் பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். உள்ளூராட்சிச் சபைகள் கடன்பத்திரங்களை விற்று ஆலைக் கட்டிடங்களை எழுப்பி, வெளியிலிருந்து வரும் கம்பனிகளுக்குக் கொடுப்பதற்கு அத்திட்டம் வழிவகுத்தது. பருத்தியை நம்பியிருந்து பெருமந்தத்தில் நொடிந்துபோன ஒரு வறிய மாநிலம், வேறு வழியின்றிக் கைக்கொண்ட உபாயம் அது. வறிய மாநிலத்தின் அவசரச் சிகிச்சையாகத் தொடங்கியது காலப்போக்கில் எல்லா மாநிலங்களினதும் அன்றாட உணவாயிற்று. ஒரு மாநிலம் பத்தைக் கொடுத்தால் அயல் மாநிலம் இருபதைக் கொடுக்க வேண்டும் என்ற நிலை தோன்றியது. இப்போட்டியிலே ஆலைகள் இடம் மாறின. நாடு முழுவதையும் ஒன்றாக நோக்கின் வேலைகள் பெருகின என்று கூறுவதற்கு ஆதாரம் சொற்பமே.

விஸ்கொன்சின் மாநிலம் இப்போட்டியில் இறங்கியதிலே ஒரு துயரமான முரண்பாடு உண்டு. உழைப்பாளரைப் பாதுகாக்கும் சட்டங்களில் அமெரிக்காவுக்கே வழிகாட்டிய மாநிலம் அது. 1911 ஆம் ஆண்டிலேயே வேலைத்தலத்தில் ஊறுபட்ட தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் சட்டத்தையும், வருமான வரிச் சட்டத்தையும் அது நிறைவேற்றியது. 1932 ஆம் ஆண்டிலே நாட்டின் முதலாவது வேலையின்மைக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியதும் அதுவே. பல்கலைக்கழகத்தின் அறிவு மாநிலத்தின் கடைசி வீடு வரை சென்று பயன்தர வேண்டும் என்னும் கொள்கை, 'விஸ்கொன்சின் சிந்தனை' என்ற பெயரால் இன்றும் அறியப்படுகிறது. ஜோன் கொமன்ஸ் போன்ற பேராசிரியர்கள் தொழிலாளர் சட்டங்களை வரைவதிற் பங்குகொண்ட காலம் அது. வேலைவாய்ப்பைக் குறித்து அரசு செய்யத்தக்கது யாது என்ற வினாவுக்கு அன்று கிடைத்த விடை, உழைப்பவனின் கையை வலுப்படுத்துதல் என்பதாக இருந்தது.

அந்த விடை மறக்கப்பட்டமைக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. மாநிலத்தின் தென்கிழக்கிலே மோட்டார் வாகனங்களாலும் இயந்திரங்களாலும் வாழ்ந்த நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டன. கெனோஷா நகரில் கார் பொருத்தும் வேலை 1988 ஆம் ஆண்டில் நின்றது. ஜேன்ஸ்வில் நகரின் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலை 2008 ஆம் ஆண்டு டிசம்பரில், நத்தாருக்கு இரு நாட்களுக்கு முன்னர், தன் கடைசி வாகனத்தை வெளியே அனுப்பியது. அடுத்த ஆண்டு அக்கம்பனி ஒரு புதிய சிறிய காரைச் செய்வதற்கு இடந்தேடியபோது, விஸ்கொன்சின் ஏறத்தாழ 200 மில்லியன் டொலர் பெறுமதியான சலுகைகளை முன்வைத்தது. மிச்சிகன் மாநிலம் அதனிலும் பன்மடங்கு கொடுத்து அவ்வேலையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. மூன்று தலைமுறையாக ஒரே ஆலைக்குச் சென்ற குடும்பங்கள் வாழும் ஊரில் இத்தகைய தோல்வி எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அம்மக்களின் ஏக்கம் உண்மையானது. அந்த ஏக்கத்தை மூலதனமாக்கிக்கொண்ட அரசியலே கண்டனத்துக்குரியது.

2011 ஆம் ஆண்டிலே ஆளுநர் ஸ்கொட் வாக்கர் மாநிலத்தின் வர்த்தகத் திணைக்களத்தைக் கலைத்துவிட்டு, விஸ்கொன்சின் பொருளாதார அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை அமைத்தார். அரச திணைக்களத்தின் மந்தகதியை விட்டுத் தனியார் கம்பனியின் வேகத்தில் அது இயங்கும் எனப்பட்டது. இயக்குநர் சபையின் தலைமையை முதலில் ஆளுநரே வகித்தார். முதற் பதவிக்காலத்திலே தனியார் துறையில் 250,000 வேலைகளை உருவாக்குவதாக அவர் தேர்தலில் வாக்களித்திருந்தார். அவ்விலக்கு எட்டப்படவில்லை. அதனினும் பாரதூரமானது வேறொன்று. 2013 ஆம் ஆண்டிலும் 2015 ஆம் ஆண்டிலும் மாநிலச் சட்டசபையின் கணக்காய்வுப் பணியகம் இக்கூட்டுத்தாபனத்தின் குறைகளை வெளிக்கொணர்ந்தது. கடனும் மானியமும் பெற்ற கம்பனிகள் ஒப்பந்தப்படி வேலைகளை உருவாக்கினவா என்பதை உறுதிசெய்யத்தக்க சம்பளப் பதிவேடு முதலிய சான்றுகளை அது கேட்டுப் பெறவில்லை என்பது 2015 ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியாயிற்று. வேலைவாய்ப்பை உருவாக்குவதற்கென்றே பிறந்த ஓர் அலுவலகம், வேலை பெற்றவர்களை எண்ணிப்பார்க்கவில்லை. இது வெறும் எழுதுவினைஞரின் கவனக்குறைவன்று. எண்ணப்படாத வாக்குறுதி எப்போதும் நிறைவேறியதாகவே தோன்றும் என்பதை அத்தகைய அலுவலகம் அனுபவத்தால் அறியும்.

இந்த அலுவலகத்தின் கைக்குத்தான் 2017 ஆம் ஆண்டிலே அமெரிக்க வரலாற்றில் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வழங்கப்பட்ட மிகப்பெரிய சலுகைகளுள் ஒன்று ஒப்படைக்கப்பட்டது. தாய்வானின் பொக்ஸ்கொன் கம்பனி, தொலைக்காட்சித் திரைகளைச் செய்யும் பிரமாண்டமான ஆலையை விஸ்கொன்சினில் அமைக்கும் என்ற செய்தி அவ்வாண்டு யூலை 26 ஆம் திகதி வெள்ளை மாளிகையில் வைத்து வெளியிடப்பட்டது. ஜனாதிபதி ட்றம்ப், ஆளுநர் வாக்கர், கம்பனித் தலைவர் ரெறி கூ ஆகியோர் ஒருங்கே நின்றனர். 10 பில்லியன் டொலர் முதலீடு, 13,000 வேலைகள் என்பன வாக்களிக்கப்பட்டன. பதிலாக மாநிலம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் வரையிலான சலுகைகளைக் கொடுக்க உடன்பட்டது. செப்டெம்பரிற் சட்டம் கையொப்பமானது. நவம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மறு ஆண்டு யூன் 28 ஆம் திகதி ஜனாதிபதி நேரில் வந்து மண்வெட்டி பிடித்து, இதனை உலகின் எட்டாவது அதிசயம் என்று வர்ணித்தார்.

இவ்வொப்பந்தத்தின் எண்களைப் பள்ளி மாணவன் ஒருவனும் வகுத்துப் பார்க்கலாம். 3 பில்லியனை 13,000 ஆல் வகுத்தால், வேலை ஒன்றுக்கு 230,000 டொலருக்கு மேல் வருகிறது. வாக்களிக்கப்பட்ட சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 54,000 டொலரளவு. எனவே ஒவ்வொரு தொழிலாளியினதும் நான்காண்டுச் சம்பளத்திலும் அதிகமானதை மாநிலமே கம்பனிக்குக் கொடுக்க முன்வந்தது. அதிலும் 1.35 பில்லியன் டொலர் வேலைக்கன்றி, கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்குமான சலுகை. திரை உற்பத்தியில் இயந்திரம் பெருகப் பெருக மனிதக் கைகள் குறைவது யாவரும் அறிந்ததே. இங்கு வேலைவாய்ப்பின் பெயரால் ஆளைக் குறைக்கும் இயந்திரத்துக்கு மானியம் வழங்கப்பட்டது.

'வரிச்சலுகை' என்ற சொல்லும் உண்மையை மறைத்தது. விஸ்கொன்சினில் உற்பத்தித் தொழில்களின் இலாபத்தின் மீதான வரி வேறொரு சட்டத்தால் ஏற்கெனவே பூச்சியத்துக்கு அண்மையில் கொண்டுவரப்பட்டிருந்தது. செலுத்தவேண்டிய வரியே பெரிதாக இல்லாதபோது, சலுகை பெரும்பாலும் திறைசேரியிலிருந்து கம்பனிக்குச் செல்லும் காசாகவே அமையும். எல்லா வாக்குறுதிகளும் பிழையின்றி நிறைவேறினாலும் 2042-43 நிதியாண்டு வரை மாநிலத்தின் போட்ட பணம் திரும்பாது என்று சட்டசபையின் நிதிப் பணியகமே முன்கூட்டிக் கணக்கிட்டுக் கூறியது. அரசின் சொந்த நிபுணர்கள் எழுதி வைத்த எச்சரிக்கையைப் படித்துவிட்டே அச்சட்டம் நிறைவேற்றப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பணத்தோடு முடிந்திருந்தாலும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆலைக்கென மவுண்ட் பிளசன்ற் கிராமத்திலே சோளமும் கோவாவும் விளைந்த நிலங்கள் தெரிவாயின. விற்க மறுத்தவர்களுக்கு எதிராக நிலச்சுவீகரிப்பு அதிகாரம் ஓங்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டு யூனிலே கிராம சபை ஏறத்தாழ 2,800 ஏக்கர் பரப்பைச் சீர்கெட்ட பிரதேசம் எனப் பிரகடனம் செய்தது. பராமரிப்புக் குறையாத வீடுகளும் விளைநிலங்களும் நிறைந்த பகுதி ஒரே வாக்கெடுப்பிற் சீர்கெட்டதாயிற்று. சதுப்பு நிலங்களைப் பாதுகாக்கும் விதிகளிலிருந்தும் சூழற்றாக்க அறிக்கையிலிருந்தும் கம்பனிக்குச் சட்டமே விலக்களித்தது. மிச்சிகன் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 7 மில்லியன் கலன் நீரை எடுப்பதற்கு அனுமதி கொடுக்கப்பட்டது. கிராம சபையும் ரசீன் மாவட்டமும் 764 மில்லியன் டொலரளவான பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டன.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகக் கூறத்தக்கவை. மிகப்பெரிய திரைகளைச் செய்யும் ஆலை சிறிய திரை ஆலையாகச் சுருங்கியது. 2019 ஆம் ஆண்டு யனவரியில் திரை உற்பத்தி அமெரிக்காவிற் கட்டுப்படியாகாது என்று கம்பனி அதிகாரியே கூறினார். சில தினங்களில் ஜனாதிபதியுடன் பேசியபின் அக்கூற்று மாற்றப்பட்டது. 2018 ஆம் ஆண்டுக்குரிய ஆகக்குறைந்த வேலை எண்ணிக்கை எட்டப்படவில்லை. 2019 ஆம் ஆண்டுக்கு 520 பேர் வேண்டியிருக்க, தகுதியுடையோர் 281 பேரே என்று கண்டு, கூட்டுத்தாபனம் 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சலுகையை மறுத்தது. 2021 ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஆளுநர் ரொனி எவேர்ஸின் அரசு புதிய ஒப்பந்தம் செய்தது. 10 பில்லியன் முதலீடு 672 மில்லியனாயிற்று. 13,000 வேலைகள் 1,454 ஆயின. மாநிலத்தின் சலுகை 80 மில்லியனாகக் குறைந்தது. புதிய கணக்கின்படி மாநிலம் கொடுப்பது வேலை ஒன்றுக்கு ஏறத்தாழ 55,000 டொலர். முதல் விலையின் கால்பங்கிலும் இது குறைவு. அப்படியானால் முதல் விலையை நிர்ணயித்தது எந்தப் பொருளாதார விதி? கம்பனி கேட்டதும், தேர்தலை எதிர்நோக்கிய ஆளுநர் கொடுத்ததுமே அவ்விலை.

இத்தகைய அலுவலகங்களுக்காக வாதாடுவோர் மூன்று நியாயங்களைக் கூறுவர். வேலை இல்லையேற் பணமும் இல்லை என்னும் நிபந்தனை இருந்தது, அது 2020 ஆம் ஆண்டிற் செயற்பட்டது, ஆகவே மக்களுக்கு நட்டமில்லை என்பது முதலாவது. மாநிலத் திறைசேரியைப் பொறுத்தவரையில் இதில் உண்மை உண்டு. நிபந்தனையை உறுதியாகக் கடைப்பிடித்த அதிகாரிகள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அந்நிபந்தனையும் தானாகச் செயற்படவில்லை. மாநிலத்துக்கு வெளியே வேலை செய்வோரையும் கணக்கிற் சேர்க்க இடமளிக்கும் ஓட்டை கூட்டுத்தாபனத்தின் நடைமுறையில் இருந்ததைக் கணக்காய்வாளர் 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் எடுத்துக்காட்டவேண்டியிருந்தது. மேலும், நிபந்தனை கம்பனிக்குச் செல்லும் பணத்தை மட்டுமே தடுத்தது. வீதிகளுக்கும் நீர்க்குழாய்களுக்கும் நிலத்துக்கும் பொதுப்பணம் முன்னரே சென்றுவிட்டது. இடிக்கப்பட்ட வீட்டை எந்த நிபந்தனையும் திரும்பக் கட்டித் தராது. வெறுமையாகக் கிடந்த நிலத்திற் பெரும்பகுதியை 2023 ஆம் ஆண்டு முதல் மைக்ரோசொப்ட் கம்பனி வாங்கியதனாற் கிராமத்தின் கடன்சுமை இலகுவாயிற்று என்பர். அது தற்செயலாகக் கிடைத்த மீட்சி. குருட்டடியில் விழுந்த மாங்காயைக் காட்டி எறிந்தவனின் குறியை மெச்சுதல் தகாது.

சலுகை இல்லையேற் கம்பனி வராது என்பது இரண்டாவது நியாயம். அப்ஜோன் நிறுவகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் திமோதி பாட்டிக், பல ஆய்வுகளைத் தொகுத்து 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இங்கு கருதத்தக்கது. சலுகை பெற்ற கம்பனிகளுள் அச்சலுகையாலேயே இடத்தைத் தீர்மானித்தவை நூற்றுக்கு 2 முதல் 25 வரையே என அவர் மதிப்பிடுகிறார். அதாவது, சலுகை பெறும் நான்கு கம்பனிகளுள் மூன்றாவது, ஒரு சதமும் கொடுக்காவிடினும் அங்கேயே வந்திருக்கும் அல்லது இருந்திருக்கும். சந்தை, போக்குவரத்து, தேர்ச்சி பெற்ற தொழிலாளர் ஆகியவற்றை நோக்கியே கம்பனிகள் பெரும்பாலும் இடந்தேடுகின்றன. வரும் விருந்தாளிக்கே வழிச்செலவும் கொடுத்து அழைத்ததாக இவ்வலுவலகங்கள் பெருமைப்படுகின்றன.

அயல் மாநிலம் கொடுக்கும்போது ஒரு மாநிலம் மட்டும் எவ்வாறு விலகி நிற்பது என்பது மூன்றாவது நியாயம். மூன்றிலும் வலுவானது இதுவே. ஆனால் இது சலுகைக்குச் சார்பான வாதமன்று. போட்டியை நிறுத்தவேண்டும் என்பதற்கான வாதமேயாகும். நிறுத்துவது இயலாததுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் பொதுச்சந்தையின் போட்டியைக் குலைக்கும் அரச உதவிகளை உடன்படிக்கையினாற் கட்டுப்படுத்தியுள்ளன. அமெரிக்காவிலேயே, ஒரே நகரத்தின் இரு புறமும் நின்று ஒன்றையொன்று சுரண்டிய கன்சாஸ், மிசூரி மாநிலங்கள் 2019 ஆம் ஆண்டிலே தமக்கிடையில் ஒரு சமாதானத்துக்கு வந்தன. வீதியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அலுவலகத்தை மாற்றுவதற்கு மக்கள் பணம் கொடுத்த மடமையை இரு கட்சியினரும் ஈற்றில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இக்கதையிலே பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. 2018 ஆம் ஆண்டு ஓகஸ்டில், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் மடிசன் வளாகத்துக்கு 100 மில்லியன் டொலர் வழங்குவதாகப் பொக்ஸ்கொன் அறிவித்தது. அறிவிப்பு விமரிசையாக நடைபெற்றது. முதலாண்டில் வந்து சேர்ந்ததோ 700,000 டொலர். ஒரு காலத்தில் தொழிலாளர் சட்டத்தை வரைந்து கொடுத்த பல்கலைக்கழகம், கம்பனியின் அறிவிப்பு விழாவுக்கு அலங்காரமாக நின்றது. சுதந்திரமான ஆய்வே இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சமூகம் வைத்திருக்கும் கடைசிக் காவல். அக்காவலனும் கொடை பெறும் வரிசையில் நிற்பின் கேள்வி கேட்பவர் யார்?

அரசு கைகட்டி இருக்கவேண்டும் என்பது இவ்விவாதத்தின் முடிவன்று. வேலையின்மை சந்தையினாற் தானாகத் தீரும் என்று கூறுவோரின் கூற்றும் ஜேன்ஸ்வில்லின் தெருக்களிற் பொய்த்துப்போயிற்று. வேறுபாடு, பணத்தை எதிலே இடுவது என்பதிலேயே உள்ளது. இயந்திரம் கப்பலேறிப் போகும். கம்பனியின் பெயர்ப்பலகை ஓரிரவிற் கழற்றப்படும். தொழிலாளியின் தேர்ச்சி, நல்ல வீதி, தொழில்நுட்பக் கல்லூரி, சிறு ஆலைகளுக்கு ஆலோசனை வழங்கும் விரிவாக்கச் சேவை என்பன ஊரிலேயே தங்குபவை. சிறிய உற்பத்தியாளர்க்கு அளிக்கும் ஆலோசனைச் சேவையும், தேவைக்கேற்ற தொழிற்பயிற்சியும் வரிச்சலுகையை விடக் குறைந்த செலவில் வேலைகளை உருவாக்க வல்லவை என்பதும் பாட்டிக்கின் ஆய்வுகள் வற்புறுத்தும் முடிவேயாகும். ஆனால் இவற்றுக்கு வெள்ளை மாளிகையில் விழா எடுக்க முடியாது. பத்துப் பேரை வேலைக்கமர்த்தும் இரும்புப் பட்டறைக்காரனோடு நின்று படம் பிடிக்க ஆளுநருக்கு நேரமில்லை. இவ்வலுவலகங்களின் நோய் இங்கேதான் உள்ளது. அவை வேலையைக் கொண்டு மதிக்கப்படாமல், அறிவிப்பைக் கொண்டு மதிக்கப்படுகின்றன. எதைக் கொண்டு மதிக்கப்படுகின்றனவோ அதையே அவை உற்பத்தி செய்கின்றன. அதே ரசீன் மாவட்டத்துக்கு 2024 ஆம் ஆண்டு மேயில் ஜனாதிபதி பைடன் வந்து, மவுண்ட் பிளசன்றில் மைக்ரோசொப்ட் 3.3 பில்லியன் டொலரில் தரவு மையம் அமைக்கும் என்று அறிவித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே தரவு மையங்களுக்கு விற்பனை வரி விலக்களிக்கும் சட்டத்தை விஸ்கொன்சின் இயற்றியிருந்தது. கட்சி மாறியது, கம்பனி மாறியது, மேடை மாறவில்லை.

இப்பாடம் இலங்கைக்குப் புதிதுமன்று, தொலைவானதுமன்று. 1978 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டதிலிருந்து, 1992 ஆம் ஆண்டில் அது முதலீட்டுச் சபையாக மாறியதற்கூடாக, வரி விடுமுறை இங்கும் வேலைவாய்ப்பின் பெயராலேயே நியாயப்படுத்தப்பட்டு வந்துள்ளது. கட்டுநாயக்காவில் வேலைகள் உருவாயின என்பது மெய்யே. அவ்வேலைகளைத் தம் இளமையாற் கட்டியெழுப்பிய பெண்கள் பெற்ற கூலி எவ்வளவு, அரசு இழந்த வருவாய் எவ்வளவு என்பவை ஒரே தாளில் எழுதப்படவில்லை. 2008 ஆம் ஆண்டின் உபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 ஆண்டுகள் வரையும், 2021 ஆம் ஆண்டின் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 40 ஆண்டுகள் வரையும் வரி விலக்குக்கு வழி திறந்தன. 2022 ஆம் ஆண்டிலே மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, தேசிய உற்பத்தியிலே அரச வருவாய் நூற்றுக்கு எட்டளவாகச் சுருங்கியிருந்தது. அச்சுருக்கத்துக்குக் காரணங்கள் பல. வாரி வழங்கப்பட்ட விலக்குகளும் அவற்றுள் அடங்கும். விஸ்கொன்சினில் ஒரு கணக்காய்வுப் பணியகமும் ஒரு நிதிப் பணியகமும் எண்களை வெளியிட்டன. அதனாலேயே ஒரு பிழை, முழுமையான அழிவாக முன்னர் தடுக்கப்பட்டது.

ஆகவே கேட்கப்படவேண்டியவை எளியவை. ஒவ்வொரு சலுகையும் செலவாகப் பாதீட்டில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வேலையும் அறிவிப்பு நாளிலன்றி, சம்பள நாளில் எண்ணப்பட வேண்டும். இவற்றுக்கு உடன்படாத அலுவலகம், அதன் பெயர்ப்பலகையில் எது எழுதப்பட்டிருப்பினும், வேலையற்றோருக்காக இயங்கும் அலுவலகமன்று.